ரா. பி. சேதுப்பிள்ளை

ரா. பி. சேதுப்பிள்ளை (மார்ச் 2, 1896 - ஏப்ரல் 25, 1961) தமிழறிஞர், பேராசிரியர், வழக்குரைஞர், மேடைப் பேச்சாளர், உரைநடை ஆசிரியர் எனப் பல நிலைகளில் புகழ் பெற்றவர். இராசவல்லிபுரம் பிறவிப்பெருமாள் பிள்ளை சேதுப்பிள்ளை என்பதே ரா. பி. சேதுப்பிள்ளை எனச் சுருங்கியது. சொல்லின் செல்வர் என்னும் பட்டத்தால் பெரிதும் அறியப்படுகிறார். தமிழ் மொழிக்கான முதல் சாகித்திய அகாதமி விருதைப் பெற்றவர் இவரே. தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களின் பொருளையும் வரலாற்றையும் ஆராய்ந்து இவர் எழுதிய தமிழகம் ஊரும் பேரும் என்னும் நூல், தமிழ் இடப்பெயர் ஆய்வுக்கு அடித்தளமிட்ட நூல்களுள் முதன்மையானதாகக் கருதப்படுகிறது.

பிறப்பும் இளமையும்

சேதுப்பிள்ளை திருநெல்வேலிக்கு அருகே, தாமிரபரணிக் கரையிலுள்ள இராசவல்லிபுரம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பிறவிப்பெருமாள் பிள்ளை, தாயார் சொர்ணம்மாள். பெற்றோர் சேதுக்கரைக்குச் சென்று கடலாடி, இராமேசுவரத்து இறைவனை வழிபட்டபின் பிறந்த பிள்ளையாதலின் சேது எனப் பெயரிட்டனர். பிற்காலத்தில் ஊர்ப்பெயர்களை ஆராய்ந்த அறிஞரின் இயற்பெயரே ஓர் இடத்தின் பெயராக அமைந்தது.

ஐந்தாம் வயதில் உள்ளூர்த் திண்ணைப் பள்ளியில் சேர்ந்து நீதிநூல்களைப் பயின்றார். இராசவல்லிபுரத்தை அடுத்த செப்பறைத் திருமடத்தில் தேவாரம், திருவாசகம் முதலிய பக்தி நூல்களைப் பாடங்கேட்டார். தேவாரப் பதிகங்களில் ஊர்களின் பழைய பெயர்கள் நிறைந்து கிடக்கின்றன. இளமையில் மனப்பாடம் செய்த அப்பாடல்கள் பின்னாளில் அவருக்கு ஆய்வுச் சான்றுகளாகவும் பயன்பட்டன.

கல்வி

பாளையங்கோட்டை தூய சவேரியார் உயர்நிலைப் பள்ளியில் பள்ளிக் கல்வியையும், திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் இடைநிலை வகுப்பையும் முடித்தார். பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து இளங்கலைப் பட்டம் பெற்றார். அக்கல்லூரியிலேயே தமிழ் கற்பிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. பணியாற்றிக்கொண்டே சென்னைச் சட்டக் கல்லூரியில் பயின்று சட்டப் படிப்பை நிறைவு செய்தார். நெல்லையைச் சேர்ந்த ஆழ்வார் ஜானகி என்பவரை மணந்தார்.

வழக்குரைஞர் பணியும் நகர்மன்றப் பணியும்

சட்டப் படிப்பு முடிந்ததும் திருநெல்வேலிக்குத் திரும்பி வழக்குரைஞராகத் தொழில் நடத்தினார். தொழிலுக்கிடையிலும் தமிழ் நூல்களைக் கற்பதையும் மேடைகளில் சொற்பொழிவாற்றுவதையும் அவர் விடவில்லை. அவருடைய முதல் நூலான திருவள்ளுவர் நூல்நயம் இக்காலத்தில், 1926-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

திருநெல்வேலி நகர்மன்ற உறுப்பினராகவும் பின்னர் அதன் துணைத் தலைவராகவும் பணியாற்றினார். அக்காலத்தில் நகரின் தெருப்பெயர்கள் சில பேச்சு வழக்கில் திரிந்தும் பொருள் தெரியாமலும் வழங்கின. அவற்றின் உண்மைப் பெயர்களை ஆராய்ந்து நிலைபெறச் செய்தது அவருடைய நகர்மன்றப் பணிகளுள் குறிப்பிடத்தக்கது.

நெல்லைத் தெருப்பெயர்கள் பற்றி அவர் எழுத்தில் தந்துள்ள விளக்கங்கள் அவருடைய ஆய்வுப் போக்கைக் காட்டுவன. கூழைக்கடைத் தெரு என வழங்கிய பெயரின் பழைய வடிவம் கூலக்கடைத் தெரு என்பதாகும். கூலம் என்றால் தானியம். ஆகவே அது தானிய வணிகர்களின் கடைவீதியாக இருந்தது என்பது பெறப்படுகிறது. காவற்புரைத் தெரு என்பதிலுள்ள காவற்புரை, குற்றவாளிகளைக் காவலில் வைத்திருந்த சிறைக்கூடத்தைக் குறிக்கும் சொல். அக்கசாலை என்பது பொற்காசு அடிக்கும் தொழிற்சாலை. இவ்வாறு ஓர் எழுத்துத் திரிந்தாலும் ஒரு தெருவின் வரலாறே மறைந்துபோகும் என்பதை அவர் சொந்த ஊரிலேயே கண்டறிந்தார்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம்

1930-ஆம் ஆண்டில் சேதுப்பிள்ளை வழக்குரைஞர் தொழிலை விட்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகச் சேர்ந்தார். அங்கு விபுலாநந்த அடிகள், நாவலர் சோமசுந்தர பாரதியார் ஆகியோருடன் பணியாற்றும் வாய்ப்புப் பெற்றார். மொழிநூல் பாடங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்கிக் கற்பித்தார். ஆறாண்டுகள் அங்குப் பணியாற்றினார்.

சென்னைப் பல்கலைக்கழகம்

1936-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் சேர்ந்தார். அப்போது அத்துறைக்குத் தலைமை வகித்தவர் பேராசிரியர் எஸ். வையாபுரிப்பிள்ளை. பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி நிறைவெய்திய ஆண்டும் அதுவே. வையாபுரிப்பிள்ளை ஓய்வு பெற்றபின் சேதுப்பிள்ளை துறைத் தலைவரானார்.

அவருடைய மேற்பார்வையில் திராவிடப் பொதுச்சொற்கள், திராவிடப் பொதுப்பழமொழிகள் ஆகிய தொகுப்புகள் வெளிவந்தன. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய மொழிகளுக்குப் பொதுவான சொற்களை ஒருங்கே காண இவை உதவின. ஒரு சொல்லை அதன் இனமொழிச் சொற்களோடு வைத்துப் பார்க்கும் இப்பயிற்சி, மாநில எல்லைகளிலுள்ள ஊர்ப்பெயர்களை அறியவும் இன்றியமையாதது.

மேடைத் தமிழ்

சேதுப்பிள்ளை தம் காலத்தின் தலைசிறந்த சொற்பொழிவாளர்களுள் ஒருவராக விளங்கினார். சென்னை கோகலே மன்றத்தில் சிலப்பதிகார வகுப்பு நடத்தினார். தங்கசாலைத் தமிழ் மன்றத்தில் திருக்குறளையும், கந்தகோட்டத்தில் கந்தபுராணத்தையும் தொடர் சொற்பொழிவுகளாக விளக்கினார். கம்பராமாயணத்தைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றவர்களுள் அவரும் ஒருவர். எதுகை, மோனை அமைந்த சிறு சிறு தொடர்களில் பேசுவது அவருடைய தனித்தன்மை. 1950-ஆம் ஆண்டில் தருமபுர ஆதீனம் அவருக்குச் சொல்லின் செல்வர் என்னும் பட்டத்தை வழங்கியது.

உரைநடை

அவருடைய மேடைத் தமிழின் ஓசை எழுத்திலும் ஒலித்தது. செய்யுளுக்கு உரிய அடுக்குமொழியையும் எதுகை மோனையையும் உரைநடையில் கலந்து எழுதினார். தமிழ் இன்பம், தமிழ் விருந்து, வேலும் வில்லும் முதலிய கட்டுரை நூல்கள் இந்நடைக்கு எடுத்துக்காட்டுகள். தமிழகத்துக் கடற்கரை ஊர்களில் பெரியோர்கள் நின்று பேசுவதாக அமைந்த கடற்கரையினிலே என்னும் நூலும் பலரால் விரும்பிப் படிக்கப்பட்டது. ஓசைக்கு மிகுதியான இடம் தந்ததால் பொருள் பின்தங்குகிறது என இந்நடையைக் குறை கூறியோரும் உண்டு. ஆயினும் பள்ளி, கல்லூரிப் பாடநூல்களின் வழியாக இந்நடை ஒரு தலைமுறை மாணவர்களின் தமிழ் எழுத்தைப் பாதித்தது.

ஊர்ப்பெயர் ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்கள் கல்வெட்டுகளிலும் இலக்கியத்திலும் நெடுங்காலமாகப் பதிவாகி வந்துள்ளன. ஐரோப்பிய வணிகர்கள் கடற்கரையில் குடியேறிய பின்னர் அவை வேறு வகையில் பதியப்படலாயின. தரங்கம்பாடி டிராங்குபார் ஆயிற்று. சதுரங்கப்பட்டினம் சத்ராசு ஆயிற்று. பரங்கிப்பேட்டைக்குப் போர்ட்டோ நோவோ என்னும் போர்த்துக்கீசப் பெயர் ஏற்பட்டது. தூத்துக்குடி டூட்டிக்கோரின் எனவும், திருச்சிராப்பள்ளி டிரிச்சினாப்பள்ளி எனவும் எழுதப்பட்டன.

1802-ஆம் ஆண்டில் சென்னைக்கு அருகே வில்லியம் லாம்டன் தொடங்கிய முக்கோண நில அளவையும், அதனைத் தொடர்ந்த வருவாய் அளவைகளும் பல்லாயிரம் சிற்றூர்களின் பெயர்களை ஆங்கில எழுத்தில் வரைபடத்தில் ஏற்றின. ஆங்கில எழுத்துகள் ல, ள, ழ ஆகியவற்றையும், ன, ண ஆகியவற்றையும், குறில் நெடிலையும் தெளிவாகப் பிரித்துக் காட்டுவதில்லை. எனவே ஆங்கிலத்தில் எழுதிய பெயரை மீண்டும் தமிழில் எழுதும்போது வேறு ஒரு பெயர் தோன்ற இடமுண்டு.

அக்கால அலுவலர்களுள் உள்ளூர் மரபுகளைத் தேடியவர்களும் இருந்தனர். காலின் மெக்கன்சி (1754 - 1821) காவலி வெங்கட போரையா, காவலி லட்சுமையா முதலிய இந்திய உதவியாளர்களைக் கொண்டு ஊர் வரலாறுகளையும் தலபுராணங்களையும் திரட்டினார். இத்தகைய பணி பிற நாடுகளிலும் நடைபெற்றது. ஆத்திரேலியாவின் நியூ சவுத் வேல்சில் நில அளவைத் தலைவராக 1828-இல் பொறுப்பேற்ற தாமசு மிட்செல், அந்நாட்டுப் பழங்குடி மக்கள் வழங்கிய பெயர்களை வரைபடத்தில் தக்கவைக்க விரும்பினார். ஆயினும் அம்மொழிகளை அறியாத அளவையாளர் காதில் விழுந்தவாறு எழுதியதால், பல பெயர்களின் ஒலியும் பொருளும் சிதைந்தன.

தமிழைப் பொறுத்தவரை ஒரு வசதி இருந்தது. ஊர்ப்பெயரை வழங்கிய மக்களின் மொழி எழுத்து மொழியாகவும் இருந்தது; பழைய பெயர்கள் கல்லிலும் ஏட்டிலும் எஞ்சியிருந்தன. 19-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் தொல்லியல் துறையினர் கல்வெட்டுகளைத் தொடர்ந்து படியெடுத்து அச்சிட்டனர். இச்சான்றுகளையும் இலக்கியச் சான்றுகளையும் ஒருங்கே பயன்படுத்தித் தமிழில் ஊர்ப்பெயர் நூல் எழுதும் பணியைச் சேதுப்பிள்ளை மேற்கொண்டார்.

தமிழகம் ஊரும் பேரும்

இந்நூல் 1946-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஊரும் பேரும் என்றே பெரிதும் சுருக்கி வழங்கப்படுகிறது. ஊர்ப்பெயர்களை அகர வரிசையில் அடுக்காமல், அவை பிறந்த காரணத்தை அடிப்படையாகக் கொண்டு வகைப்படுத்தியது இந்நூலின் சிறப்பாகும். நிலம், நாடும் நகரமும், குடியும் படையும், குலமும் கோவும், தேவும் தலமும் என்பன போன்ற தலைப்புகளில் இது அமைந்துள்ளது.

நிலம் என்னும் பகுதியில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்னும் திணை முறையில் பெயர்கள் பகுக்கப்படுகின்றன. மலை, குன்று, காடு, ஆறு, ஏரி, குளம், வயல், கடல் ஆகியவற்றால் பெயர் பெற்ற ஊர்கள் இதில் அடங்கும். ஆலங்காடு, வேற்காடு முதலிய பெயர்கள் ஒரு காலத்தில் அவ்விடங்களில் இருந்த மரங்களைக் குறிக்கின்றன. மரங்கள் அழிந்த பின்னும் பெயர் நிற்கிறது.

குடிகளையும் படைகளையும் பற்றிய பகுதியில், வாழ்ந்த மக்களாலும் நிறுத்தப்பட்ட படைகளாலும் பெயர் பெற்ற ஊர்கள் கூறப்படுகின்றன. பாளையம் என்பது படை தங்கிய இடம். குலமும் கோவும் என்னும் பகுதி அரசர் பெயரால் அமைந்த ஊர்களை ஆராய்கிறது. கங்கைகொண்ட சோழபுரம் இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று. தேவும் தலமும் என்னும் பகுதி கோயில்களால் பெயர் பெற்ற ஊர்களை விளக்குகிறது. கோயிலின் பெயர் நாளடைவில் ஊரின் பெயராகி, ஊரின் பழைய பெயர் மறைந்துபோன நிகழ்வுகளை இப்பகுதி எடுத்துக்காட்டுகிறது.

ஆய்வு முறை

சேதுப்பிள்ளையின் ஆய்வு முறையை மூன்று படிகளாகக் கூறலாம்.

முதலாவது, இன்று வழங்கும் பெயரை அப்படியே ஏற்றுக்கொண்டு பொருள் கூறாமல் அதன் பழைய வடிவத்தைத் தேடுதல். கூழைக்கடை என்பதற்குக் கூழை என்னும் சொல்லைக் கொண்டு பொருள் தேடினால் பிழையே விளையும். கூலக்கடை என்னும் பழைய வடிவம் தெரிந்த பின்னரே பொருள் விளங்கும்.

இரண்டாவது, பெயரை அடை எனவும் ஈறு எனவும் பிரித்தல். ஊர், நல்லூர், குடி, பட்டி, குறிச்சி, பாக்கம், பட்டினம், மங்கலம், புரம் முதலிய ஈறுகள் ஊரின் வகையைக் காட்டுவன. எடுத்துக்காட்டாக, சதுர்வேதிமங்கலம் என முடிந்த பெயர் வேதம் வல்ல அந்தணர்களுக்கு வழங்கப்பட்ட ஊரைக் குறிக்கும்.

மூன்றாவது, கல்வெட்டு, இலக்கியம், மக்கள் வழக்கு ஆகிய மூன்றையும் ஒப்பிடுதல். பேச்சு வழக்கை வெறும் கொச்சை என ஒதுக்காமல், பழைய வடிவத்திற்கு வழிகாட்டும் தடயமாக அவர் கொண்டார். தமிழ்ச் சொற்களின் இலக்கிய வழக்கையும் பேச்சு வழக்கையும் பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூலும் இக்கருத்தோடு தொடர்புடையது.

மொழிபெயர்ந்த ஊர்ப்பெயர்கள்

ஊர்ப்பெயர்கள் திரிவதற்கு ஆங்கிலேயர் மட்டும் காரணர் அல்லர். அவர்கள் வருமுன்னரே பல தமிழ்ப் பெயர்கள் வடமொழியாக்கம் பெற்றிருந்தன. மறைக்காடு வேதாரணியம் ஆயிற்று. முதுகுன்றம் விருத்தாசலம் ஆயிற்று. மயிலாடுதுறை மாயூரம் எனவும் மாயவரம் எனவும் வழங்கியது. ஆனைக்கா சம்புகேசுவரம் எனவும், கழுக்குன்றம் பட்சிதீர்த்தம் எனவும் அழைக்கப்பட்டன.

மொழிபெயர்க்கும்போது பெயரின் பொருள் மாறிவிடுவதும் உண்டு. முதுகுன்றம் என்பதிலுள்ள முதுமை பழமையைக் குறிக்கும். விருத்தம் என்பது அகவை முதிர்ச்சியையும் குறிக்கும். இத்தகைய பெயர்களை மையமாகக் கொண்டு பின்னர் எழுந்த தலபுராணக் கதைகள், மூலப் பெயரின் எளிய பொருளை மறைத்துவிட்டன. பழைய பெயரை மீட்டுக் கூறிய சேதுப்பிள்ளை, தேவார ஆசிரியர்களின் பாடல்களையே பெரிதும் சான்றாகக் கொண்டார். சமயத்தில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவராதலால், பழைய பெயரை நாடுவதைச் சமயத்திற்கு முரணானதாக அவர் கருதவில்லை.

நெய்தல் நிலப் பெயர்களும் பழவேற்காட்டு ஏரிக்கரையும்

கடற்கரையில் அமைந்த பேரூர்கள் பட்டினம் எனவும், சிற்றூர்கள் பாக்கம் எனவும் பெயர் பெற்றதைச் சேதுப்பிள்ளை எடுத்துக்காட்டினார். காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம், காயல்பட்டினம் முதலியன பட்டினங்கள். துறை, கரை, காயல், குப்பம் ஆகியனவும் கடல்சார் ஊர்களுக்குரிய சொற்கள்.

இம்முறையைப் பொருத்திப் பார்ப்பதற்குத் தமிழகத்தின் வடகிழக்கு எல்லையிலுள்ள பழவேற்காட்டு ஏரி ஏற்ற இடமாகும். இது இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஆந்திரப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டிலும் பரந்துள்ளது. ஆரணியாறு, காளங்கி முதலிய ஆறுகள் இதில் கலக்கின்றன. திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி வட்டத்தில் இதன் தென்கரையில் பழவேற்காடும் அதனைச் சூழ்ந்த மீனவர் ஊர்களும் உள்ளன.

பழவேற்காடு என்னும் பெயரைப் பழமை, வேல், காடு எனப் பிரித்து, வேல மரங்கள் அடர்ந்த பழைய காடு எனப் பொருள் கூறுவர். இங்கு 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள் இதனைப் பலியகட்டா என்பது போல எழுதினர். ஆங்கிலத்தில் அது புலிகாட் ஆயிற்று. இத்துறையிலிருந்து ஏற்றுமதியான கட்டம்போட்ட வண்ணக் கைக்குட்டைகளுக்கும் அப்பெயரே வழங்கியது. ஊரின் பெயர் உலகெங்கும் பரவியது. ஆனால் ஊரார் வழங்கிய பெயர் அதுவன்று. ஆங்கில வடிவத்தை மட்டும் அறிந்தவர் அதில் புலியைத் தேடக்கூடும். வேல மரம் அவர்கள் நினைவுக்கு வராது. விசயநகர ஆட்சிக் காலத்தில் இவ்வூருக்கு ஆனந்தராயன் பட்டினம் என்னும் பெயரும் இருந்தது. தெலுங்கு மக்கள் இந்த ஏரியைப் பிரளய காவேரி எனவும் வழங்கியுள்ளனர்.

சூழவுள்ள சிற்றூர்களின் பெயர்களும் வரலாற்றுச் சான்றுகளே. கோட்டைக்குப்பம் என்னும் பெயர் கோட்டையை நினைவூட்டுகிறது. மாதா குப்பம் என்னும் பெயர், போர்த்துக்கீசர் காலம் முதல் இங்கு வேரூன்றிய கத்தோலிக்க சமயத்தைக் காட்டுகிறது. ஜமீலாபாத் என்பது முசுலிம் மக்களின் குடியிருப்பை உணர்த்துகிறது. லைட் ஹவுஸ் குப்பம் கலங்கரை விளக்கத்தால் பெயர் பெற்றது. ஒவ்வொரு காலத்திலும் வந்தவர்களின் அடையாளத்தை ஏற்றுக்கொண்டாலும், குப்பம் என்னும் மீனவர் ஈறு இவற்றுள் பலவற்றில் மாறாமல் நிற்கிறது.

இவ்வூர்களுள் தோணிரேவு என்பதும் ஒன்று. தோணி என்பது படகு. ரேவு என்பது படகு அணையும் துறை. தெலுங்கில் இச்சொல் இன்றும் துறை, துறைமுகம் என்னும் பொருளில் வழங்குகிறது. தமிழிலும் இறங்குதுறையைக் குறிக்க வழங்கியுள்ளது. ஆகவே தோணிரேவு என்பதற்குத் தோணித்துறை என்பதே பொருள். தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் ஏரிக்கரையில், இரு மொழியினரும் புரிந்துகொள்ளும் பெயராக இது அமைந்துள்ளது. திராவிட மொழிகளுக்குப் பொதுவான சொற்களைத் தொகுக்க வேண்டியதன் தேவையை இத்தகைய எல்லையோரப் பெயர்கள் உணர்த்துகின்றன.

இப்பெயரை ஆங்கிலத்தில் எழுதி மீண்டும் தமிழில் எழுதுபவர் தோனிரேவு எனவோ தொனிரேவு எனவோ எழுத இடமுண்டு. தொனி என்பது ஓசையைக் குறிக்கும் வேறு சொல். ஓர் எழுத்து மாறினால் படகும் துறையும் பெயரிலிருந்து மறைந்துவிடும். நெல்லையின் கூலக்கடைக்கு நேர்ந்தது ஏரிக்கரை ஊருக்கும் நேரக்கூடும்.

குறைகளும் மதிப்பீடும்

சேதுப்பிள்ளையின் ஊர்ப்பெயர் ஆய்வுக்கு எல்லைகளும் உண்டு. அவருடைய முதன்மைச் சான்றுகள் கல்வெட்டுகளும் இலக்கியமும் ஆகும். கோயில் உள்ள ஊருக்குக் கல்வெட்டு இருக்கும். பாடல் பெற்ற ஊருக்குப் பதிகம் இருக்கும். மீனவர் குப்பங்கள், மலைவாழ் மக்களின் குடியிருப்புகள், வயல்வெளியிலுள்ள சேரிகள் ஆகியவற்றிற்குப் பெரும்பாலும் இவ்விரண்டும் இல்லை. இத்தகைய ஊர்களின் பெயர்களை அங்கு வாழும் மக்களிடம் கேட்டே அறிய வேண்டும். ஊர் ஊராகச் சென்று ஒலிப்பைப் பதிவு செய்யும் கள ஆய்வு முறை தமிழில் பிற்காலத்திலேயே வளர்ந்தது.

பழங்குடி மக்களின் பெயர்களில் இக்குறை மிகுதியாகப் புலப்படுகிறது. நீலகிரியில் தோதவர் குடியிருப்புக்கு மந்து என்று பெயர். அச்சொல் ஆங்கிலேயர் எழுதிய ஊட்டகமண்டு என்பதில் மண்டு ஆகி, தமிழில் உதகமண்டலம் என்பதில் மண்டலமாக மாறி நிற்கிறது. பழவேற்காட்டு ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கும் ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவில் யானாதிப் பழங்குடியினர் வாழ்ந்து வந்தனர். 1960-களின் இறுதியில் அத்தீவு விண்வெளி ராக்கெட் ஏவுதளத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபின் அவர்களுள் பலர் தீவை விட்டு வெளியேற்றப்பட்டுக் குடியமர்த்தப்பட்டனர். மக்கள் இடம்பெயரும்போது அவர்கள் ஓடைக்கும் மேட்டுக்கும் தோப்புக்கும் இட்டு வழங்கிய பெயர்களைச் சொல்வாரும் அவ்விடத்தில் இல்லாமற் போகின்றனர். எழுத்தில் ஏறாத பெயர்களுக்கு இது பேரிழப்பாகும்.

சில பெயர்களுக்கு அவர் கூறிய விளக்கங்கள் மொழியியல் சான்றைவிட இலக்கியச் சுவையைச் சார்ந்தவை என்னும் கருத்தும் உண்டு. எனினும் சான்று காட்டிப் பெயரை விளக்க வேண்டும் என்னும் நெறியைத் தமிழில் பரவலாக்கியது இந்நூல். ஒரு சிற்றூரின் பெயரும் ஆராயத்தக்க வரலாற்று ஆவணம் என்னும் எண்ணத்தைப் பொதுமக்களிடமும் மாணவர்களிடமும் கொண்டுசேர்த்ததும் இதுவே.

பிற்காலத் தாக்கம்

சேதுப்பிள்ளைக்குப் பின் தமிழ் இடப்பெயர் ஆய்வு தனித் துறையாக வளர்ந்தது. பேராசிரியர் கி. நாச்சிமுத்து மொழியியல் நோக்கில் இடப்பெயர்களை ஆராய்ந்து நூல்கள் எழுதினார். ஆர். ஆளவந்தார் இலக்கியங்களில் வரும் ஊர்ப்பெயர்களைத் தொகுத்தார். ஆர். பாலகிருஷ்ணன், கொற்கை, வஞ்சி, தொண்டி முதலிய சங்ககாலப் பெயர்களை ஒத்த இடப்பெயர்கள் சிந்துவெளிப் பகுதியிலும் அதற்கு அப்பாலும் காணப்படுவதை எடுத்துக்காட்டினார். பல்கலைக்கழகங்களில் வட்டம் வட்டமாக ஊர்ப்பெயர்களை ஆராயும் ஆய்வேடுகளும் எழுதப்பட்டன.

பெயர் மீட்பு முயற்சிகள் அரசளவிலும் நடைபெற்றன. 1982-ஆம் ஆண்டில் மாயூரம் மீண்டும் மயிலாடுதுறை ஆயிற்று. 1996-இல் மெட்ராஸ் என்னும் ஆங்கிலப் பெயர் சென்னை என மாற்றப்பட்டது. 2020-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் 1,018 இடங்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றித் தமிழ்நாடு அரசு ஆணை வெளியிட்டது. வேலூர் என்பதை வீலூர் எனப் படிக்கும்படி அமைந்த எழுத்துக்கூட்டல் முதலியன கண்டனத்திற்கு உள்ளானமையால் சில நாள்களிலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. சரியான பெயரை அறிந்திருந்தும் அதனை வேற்றெழுத்தில் பதிவது எவ்வளவு கடினமானது என்பதை இந்நிகழ்வு காட்டியது.

விருதுகளும் சிறப்புகளும்

* 1950 - சொல்லின் செல்வர் பட்டம், தருமபுர ஆதீனம்
* 1955 - சாகித்திய அகாதமி விருது, தமிழ் இன்பம் என்னும் கட்டுரை நூலுக்காக
* முனைவர் (மதிப்புறு பட்டம்), சென்னைப் பல்கலைக்கழகம்
* இலக்கியப் பேரறிஞர், பல்கலைக்கழகப் பணியின் வெள்ளிவிழாவையொட்டி வழங்கப்பட்ட பட்டம்

மறைவும் நினைவும்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் கால் நூற்றாண்டுக் காலம் பணியாற்றிய சேதுப்பிள்ளை, 1961-ஆம் ஆண்டு ஏப்ரல் 25 அன்று தம் 65-ஆம் வயதில் காலமானார். தம் அன்னையார் நினைவாக அவர் நிறுவிய சொர்ணம்மாள் அறக்கட்டளையின் சார்பில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் சொற்பொழிவுகள் நடைபெற்றன. அவற்றுள் பல நூல்களாகவும் வெளிவந்துள்ளன.

2009-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. அதன்பின் தமிழகம் ஊரும் பேரும் உள்ளிட்ட நூல்களைப் பல பதிப்பகங்கள் மறுபதிப்பாக வெளியிட்டு வருகின்றன.

எழுதிய நூல்களுள் சில

ஆய்வு மற்றும் கட்டுரை நூல்கள்

* திருவள்ளுவர் நூல்நயம் (1926)
* சிலப்பதிகார நூல்நயம்
* தமிழகம் ஊரும் பேரும் (1946)
* தமிழ் இன்பம்
* தமிழ் விருந்து
* தமிழர் வீரம்
* வேலும் வில்லும்
* வேலின் வெற்றி
* கடற்கரையினிலே
* ஆற்றங்கரையினிலே

வாழ்க்கை வரலாற்று நூல்கள்

* கால்டுவெல் ஐயர் சரிதம்
* கிறிஸ்தவத் தமிழ்த் தொண்டர்
* தமிழ்நாட்டு நவமணிகள்

தொகுப்புகள்

* திராவிடப் பொதுச்சொற்கள்
* திராவிடப் பொதுப்பழமொழிகள்
* தமிழ்க் கவிதைக் களஞ்சியம்